பெட்டியை இறக்கிவிட்டார்கள்

அந்தப் பெஞ்சில் என்னால் உட்காரவும் முடியவில்லை, எழுந்து நிற்கவும் முடியவில்லை.

ஊட்டியில் ஓர் அரசாங்க ஆபீஸ் வராந்தா அது. வெளியே பனிமூட்டம் இறங்கி, எதிரில் இருந்த சீகை மரம் வருவதும் மறைவதுமாக இருந்தது. என் மடியில் துணிப்பை. பையில் தேங்காய் ரொட்டியும் தொட்டுக்கொள்ளச் சம்பலும். விடியும் முன்னே சுட்ட ரொட்டி. சூடு போய் வெகுநேரமாகியும் வாசம் மட்டும் போகவில்லை.

முன்னால் ஒரு கதவு. கதவு மூடியிருந்தது. உள்ளே ரேவதி பேசிக்கொண்டிருந்தாள். குரல் கேட்டது, என்ன பேசுகிறாள் என்பது கேட்கவில்லை. நான் எழுந்து தூண் வரைக்கும் போனேன், திரும்பி வந்தேன், மறுபடியும் போனேன்.

கதவோரம் நின்ற பியூன் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்கம்மா, சித்தே உக்காருங்களேன். நீங்க நடக்கறதப் பாத்தா எனக்குத் தலை சுத்துதுங்க."

"ஒங்களுக்குத் தலைதானே சுத்துது? எனக்கு இந்த வராந்தாவே சுத்துது" என்றேன்.

தேயிலைக் கொழுந்து பறித்த கால் இது. மேடும் சரிவும் ஏறி இறங்கியே பழகியது. சும்மா இரு என்றால் எப்படி இருக்கும்?

கேட்டுக்கு வெளியே யூசுப் பாயின் ஜீப் நின்றது. ஜீப்பைச் சுற்றி எங்கள் லயத்துப் பெண்கள், முக்காடு போட்டுக்கொண்டு, மழையில் நனைந்த கோழிகள் மாதிரி நின்றார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது நான்தான். அதனால்தான் அன்றைக்கு அத்தனை ரகளை. ஆனால் அதைச் சொல்லுமுன் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள். வரிசையாகத்தான் வருவேன்.

பரணில் இருக்கும் பெட்டி

ரேவதியும் ஷாலினியும் எங்கள் எதிர் லயத்துப் பிள்ளைகள். சேரம்பாடிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் லயங்கள், தொழிலாளர் வரிசை வீடுகள், ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். என் வீட்டுக் கதவைத் திறந்தால் அவர்கள் வீட்டுக் கதவு. நடுவில் ஒரு வாய்க்கால், அவ்வளவுதான்.

அவர்கள் அம்மா நல்ல வேலைக்காரி. மார்பில் சளி கட்டி, ஒரு மழைக்காலம் முழுக்கப் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. அப்பன் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று போனான். இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறான்.

அப்போது ஷாலினிக்கு நடை முழுசாகப் பழகவில்லை. ரேவதி பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. அதிகாரிகள் வந்து இரண்டு பேரையும் ஊட்டியில் ஒரு பிள்ளைகள் இல்லத்தில் சேர்த்தார்கள். நான் விடவில்லை. "ரெண்டையும் நான் வளக்கிறேன்" என்று ஊட்டிக்கும் தோட்டத்துக்குமாக அலைந்தேன். வளர்ப்புக் குடும்பம் என்று சட்டத்தில் இருக்கிறதாம். அலைந்து அலைந்து, சில வருஷம் கழித்துப் பெரியவளை மட்டும் கொடுத்தார்கள். சின்னவளுக்கு என் வயது ஆகாது என்றார்கள். வீட்டைப் பார்க்க வந்த அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, "பின்கதவை ஏன் விறகு வச்சு அடைச்சிருக்கீங்க?" என்று கேட்டார். "காட்டுப் பன்னி வரும். நீங்க வந்து வெரட்டுவீங்களா?" என்று கேட்டேன். அதையும் குறையாகச் சேர்த்துக்கொண்டார்களோ என்னவோ.

அந்த இல்லத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தகரப்பெட்டி உண்டு. வருகிற அன்று உடுப்பெல்லாம் அலமாரிக்குப் போய்விடும், காலிப்பெட்டி பரணில் ஏறிவிடும். ஒரு பிள்ளையை வேறு ஊர் இல்லத்துக்கு மாற்றுவதாக இருந்தால் அதை யாரும் பிள்ளையிடம் சொல்ல மாட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கட்டிலுக்குப் பக்கத்தில் பெட்டி இருக்கும். அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். அழுது ஊரைக் கூட்டுமே என்று அப்படி ஒரு பழக்கம்.

ஒரு நாள் சாயந்திரம் இல்லத்துப் போனிலிருந்து ஷாலினி பேசினாள். போனை எடுத்தது ரேவதி. பேசிவிட்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"என்னாடி?"

"பெட்டியை எறக்கிட்டாங்களாம் பெரியம்மா."

இல்லத்தில் இடம் போதவில்லை, சின்னப் பிள்ளைகளைக் கோயம்புத்தூர்ப் பக்கம் ஓர் இல்லத்துக்கு அனுப்பப் போகிறார்கள் என்று விசாரித்ததில் தெரிந்தது. மலையை விட்டு இறங்கினால் யார் போய்ப் பார்ப்பது? ரேவதிக்குப் பதினெட்டு முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. "இப்ப நான் மேஜர். அக்கான்னு நான் போய்க் கேப்பேன். அவளை நம்ம ஊட்டுக்கே கேப்போம்" என்றாள்.

சனிக்கிழமைக் கூட்டம்

ரேவதி லேசுப்பட்டவள் இல்லை. இல்லங்களில் இருக்கிற பிள்ளைகளும் அவளைப் போல வளர்ப்பு வீடுகளில் இருக்கிற பிள்ளைகளும் மாதம் ஒரு சனிக்கிழமை ஊட்டியில் கூடுவார்கள். அதற்கு அவள் தலைவி. ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். எங்கள் யூனியனில் நான் பார்த்த தேர்தலைவிட அது ஒழுங்கான தேர்தல். யாரும் யாருக்கும் பிரியாணி வாங்கித் தரவில்லை.

ஒரு பள்ளிக்கூடத்தில் ஏதாவது கொடுப்பதென்றால், "ஹோம் பிள்ளைங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்பார்களாம். வகுப்பே திரும்பிப் பார்க்குமாம். இந்தப் பிள்ளைகள் கூடிப் பேசி, ரேவதியை முன்னால் விட்டு, பெரிய டீச்சரிடம் போனார்கள். "டீச்சர், எங்களுக்குப் பேரு இருக்கு" என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னாளாம். அதோடு நின்றது அந்தப் பழக்கம். அதைக் கேட்ட அன்று நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு லயத்தில் நடந்ததை எல்லாரும் பார்த்தார்கள்.

பிள்ளைகளை எங்கே விடுவது என்று முடிவு செய்கிற நலக் குழுவின் முன் பேச வேண்டியதை ரேவதி சுவரில் இருந்த சின்னக் கண்ணாடியைப் பார்த்துப் பேசிப் பழகினாள்.

"கையை ஆட்டாத. சண்டைக்குப் போற மாதிரி இருக்கு" என்றேன்.

"நீங்க பேசும்போது காலையும் சேத்து ஆட்டுவீங்களே." அப்புறம் கொஞ்சம் தணிந்து, "பெரியம்மா, நான் மொத நாளே போயி எங்க கூட்டத்துப் பிள்ளைங்களப் பாத்துட்டு அங்கேயே தங்கிக்கிறேன். நீங்க காலையில வந்துருங்க. நீங்க மட்டும். கேட்டா பதில் சொல்லுங்க."

"கேக்காட்டி?"

"கேக்காட்டி சும்மா இருங்க."

"நான் பேசினா ஒனக்குக் கொறச்சலா?"

"கொறச்சல் இல்ல. நீங்க ஆரம்பிச்சா சிலோன்ல ஆரம்பிச்சுத்தான் சேரம்பாடிக்கு வருவீங்க. அதுக்குள்ள அவங்க சாப்பிடப் போயிருவாங்க."

பேச்சைப் பாருங்கள். குழுதான் கேட்கவில்லை, நீங்களாவது கேளுங்கள்.

சிலோனில் ஆரம்பிக்கிறேன்

நான் பிறந்தது கண்டிச் சீமையில் ஒரு தோட்டம். இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு எங்களைப் பங்கு பிரித்தார்கள். இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் சிலோனுக்கு. மாட்டைப் பிரித்தால்கூடக் கன்றைத் தாயோடு விடுவார்கள்.

என் அப்பா வழி இந்தியாவுக்கு விழுந்தது. என் தங்கச்சி மீனாட்சி சின்னதிலேயே பிள்ளை இல்லாத என் சித்தி வீட்டில் வளர்ந்தாள். சித்தி குடும்பம் அங்கேயே என்று ஆனது. அவள் பெயர் அவர்களோடு இருந்ததால் அவளும் அங்கேயே.

தலைமன்னாருக்குப் போகும் ரயில் ஏறிய அன்று எல்லாரும் பிளாட்பாரத்தில் விழுந்து அழுதார்கள். மீனாட்சி அழவில்லை. என் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரயில் நகர்ந்தபோது யாரோ அவள் விரலைப் பிரித்தார்கள். அந்தப் பிரித்த விரல் இன்றைக்கும் என் கண்ணுக்குள் இருக்கிறது. அப்போது எனக்கு இப்போதைய ஷாலினி வயதுதான் இருக்கும்.

கப்பலில் எண்ணெய் நாற்றம். மண்டபம் முகாமில் மணல் விழுந்த சோறு. அதெல்லாம் இந்தப் பத்திரிகையில் போன வாரங்களில் எழுதிவிட்டேன். மீனாட்சியை எழுதவில்லை. எழுத வரவில்லை.

அதனால்தான் இந்த இரண்டு பிள்ளைகளைப் பிரிக்கிறார்கள் என்றதும் எனக்கு உடம்பில் நெருப்பு வைத்த மாதிரி ஆனது. ஒரு தடவை விட்டேன். இன்னொரு தடவை விட மாட்டேன் என்று இருந்தது.

தலையைக் காட்டுவது

தோட்டத்தில் எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஓர் ஆளுக்குக் குறை என்றால் அந்த ஆள் போய்ப் பேசக் கூடாது. ஒற்றை ஆளைத் துரை மதிக்க மாட்டான். எல்லாரும் போக வேண்டும், வாயைத் திறக்காமல் நிற்க வேண்டும், தலைவர் ஒருவர் பேசுவார். "தலையைக் காட்டுறது" என்று அதற்குப் பெயர்.

நான் கொழுந்து பறிக்கப் போன புதிதில் எங்கள் பிள்ளை மடுவத்துக் கூரை ஒழுகியது. வேலைக்குப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. சொல்லிப் பார்த்தோம், காது கேட்கவில்லை. ஒரு நாள் காலை பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டபோது ஒருத்தியும் மலைக்குப் போகவில்லை. கூடையைக் கவிழ்த்துப் போட்டு ஃபாக்டரி வாசலில் உட்கார்ந்தோம். தலைவர் உள்ளே போனார், பேசினார், வந்தார். மறுநாள் தகரம் வந்துவிட்டது. நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. தலைதான் பேசியது.

இந்த வழியில் போய் நான் தோற்றதே இல்லை. பின்னே, பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவளைப் பூனைக்குட்டி மாதிரித் தனியாக அனுப்புவேனா?

பைப்படியில் தெய்வானையிடம் மட்டும் சொன்னேன். தெய்வானையிடம் சொன்னால் தண்டோரா போட வேண்டாம். அடுத்த நாள் லயத்தில் பாதிப் பேர் லீவு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

ஜீப்

யூசுப் பாய் வண்டியைப் பார்த்து, ஆட்களைப் பார்த்து, மறுபடி வண்டியைப் பார்த்தார். "காளியக்கா, இது ஜீப்பு. கப்பல் இல்ல."

"நாங்க கப்பல்ல வந்தவங்கதான் பாய். அடஞ்சு உக்காரத் தெரியும்."

ஒருத்தி மடியில் ஒருத்தியாக ஏறினோம். ஆனாலும் பின்சீட்டில் என் பக்கத்தில் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். வரும்போது பிள்ளை உட்கார வேண்டுமே. அந்த இடத்தில் தெய்வானையின் பேத்தியுடைய ஸ்வெட்டர் ஒன்றை மடித்து வைத்திருந்தார்கள். ஷாலினிக்குக் குளிருமாம்.

கூடலூர் தாண்டி மேடு ஏறும்போது இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். தெய்வானை வாய் மூடவே இல்லை. "காளியக்கா, அந்தக் குழுவுல எத்தனை துரைங்க?" "துரை இல்லடி, மேடம்மாருங்க." "அப்ப கஷ்டம். துரைக்காவது கூட்டத்தப் பாத்தா பயம் வரும்."

ஆபீஸ் வாசலில் ஜீப் நின்றது. ஒவ்வொருத்தியாக இறங்கினோம். இறங்க இறங்க வந்துகொண்டே இருந்தோம். வராந்தாவில் நின்ற ரேவதி எங்களைப் பார்த்தாள். மஞ்சள் சுடிதார், எண்ணெய் வைத்து வாரிய தலை. அவள் முகம் வெளுத்த வெளுப்பை நான் சந்தோஷம் என்று நினைத்துக் கையை ஆட்டினேன்.

"பெரியம்மா! என்னா இது?"

"தலையைக் காட்ட வந்திருக்காங்க."

"இது ஃபாக்டரி வாசலா?"

அதற்குள் உள்ளேயிருந்து கண்ணாடி போட்ட ஓர் அம்மா வெளியே வந்தார். குழுவில் ஒருவர். கூட்டத்தைப் பார்த்தார். "யாருங்க இவங்கெல்லாம்? போராட்டமா? ஒரு குழந்தை விஷயத்துக்குக் கூட்டம் சேர்த்து மிரட்டறீங்களா? இப்படின்னா இன்னிக்கு விசாரணையே வேண்டாம். தள்ளி வச்சிரலாம்."

தள்ளி வைத்தால் என்ன ஆகும்? பெட்டி ஏற்கெனவே கட்டிலோரம் இருக்கிறது. அடுத்த வாரத்துக்குள் பிள்ளை மலை இறங்கிவிடும். நான் ரேவதிக்குப் பின்னால் போய் நின்றேன். ஆயுசில் முதல் தடவை.

ரேவதிதான் பேசினாள். கையை ஆட்டவில்லை. "மேடம், இவங்க மிரட்ட வரலைங்க. எங்க தோட்டத்துல ஒருத்தருக்குக் கஷ்டம்னா எல்லாருமா வந்து நிப்பாங்க. அதுதான் அவங்களுக்குத் தெரிஞ்ச வழி. நான் சொல்லி வெளியில நிக்க வைக்கிறேன். தள்ளி வைக்காதீங்க மேடம்."

திரும்பி அவர்களைப் பார்த்தாள். "தெய்வானை அக்கா, எல்லாரையும் கூட்டிட்டு கேட்டுக்கு வெளிய போங்க. டீ குடிங்க. சத்தம் வேணாம்."

நான் சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்கிற தெய்வானை, "சரிம்மா" என்று நடந்தாள். அத்தனை பேரும் பின்னால் போனார்கள். கண்ணாடி அம்மா அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

கூட்டி வந்தது தப்பென்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. இடம்தான் வேறாகிவிட்டது.

கதவு திறந்தது

அப்புறம்தான் நான் அந்த வராந்தாவில் நடந்தது. கடைசியில் பியூன் கூப்பிட்டார். ரொட்டிப் பையோடு உள்ளே போனேன்.

நடுவில் தலைவரம்மா. வெள்ளை முடி, அலுப்பான முகம், ஆனால் நிமிர்ந்து பார்த்துக் கேட்கிறவர். "சொல்லுங்கம்மா, உங்களுக்கு வயசாகுது. நாளைக்கே முடியாமப் போனா அந்தக் குழந்தையை யார் பார்ப்பாங்க?"

"வெளிய ஒரு ஜீப்பு நெறைய நிக்கிறாங்களே, அவங்கதான்."

கண்ணாடி அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தலைவரம்மா இன்னும் ஏதேதோ கேட்டார். சொன்னேன். சிலோனுக்குப் போகவில்லை. கண்டிப்பாகப் போகவில்லை.

காற்று எங்கள் பக்கம் திரும்பிவிட்டது என்று எனக்குப் பட்டது. தலைவரம்மா பக்கத்தில் இருந்தவரிடம், "ஒரே குடும்பமா இருக்கட்டும், கொடுத்துரலாம்" என்று மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது ரேவதி எழுந்தாள்.

"மேடம், ஒண்ணு சொல்லலாமுங்களா? என்னைக் கேட்டீங்க. பெரியம்மாவைக் கேட்டீங்க. ஷாலினியை இன்னும் யாரும் கேக்கலைங்க."

"சின்னக் குழந்தைம்மா. அக்காகூடப் போறியான்னா வேண்டாம்னா சொல்லப் போறா?"

"பெட்டி எறக்கினப்பவும் சின்னக் குழந்தைன்னுதான் யாரும் கேக்கல. எங்க சனிக்கிழமைக் கூட்டத்துல நாங்க எல்லாரும் பேசி வச்சது இதுதாங்க. எங்கள எங்க அனுப்பினாலும் மொதல்ல எங்ககிட்டக் கேட்டுருங்க. என் தங்கச்சிங்கறதுக்காக நான் அதை மாத்த முடியாதுங்க."

எனக்கு அவள் முதுகில் ஒரு குத்துவிட வேண்டும் போல இருந்தது. கையில் வந்து விழுகிற பழத்தை எதற்கடி தட்டிவிடுகிறாய்?

ஷாலினியை அழைத்து வந்தார்கள். இல்லத்து நீல ஸ்வெட்டர், சிவந்த கன்னம். பெரிய நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கால் தரையைத் தொடவில்லை.

"பயப்படாம சொல்லு. கோயம்புத்தூருக்குப் போறியா?"

"மாட்டேன்."

"அக்காகூட, பெரியம்மா வீட்டுக்குப் போறியா?"

பிள்ளை ரேவதியைப் பார்த்தாள். ரேவதி தலையாட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டாள். அதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று அந்த நேரம் எனக்குத் தெரியவில்லை.

"லீவுக்கு வர்றேன்" என்றாள் ஷாலினி. "தங்கறதுக்கு வேணாம்."

"ஏன் கண்ணு?"

"இங்க மெர்சி இருக்கா. பக்கத்துக் கட்டில். ஸ்கூல் பேண்டுல நான் டிரம்." அவ்வளவுதான் என்று நினைத்தோம். காலை ஆட்டிக்கொண்டே, "அங்க பெரியம்மா கதவத் தொறந்தா எங்க அம்மா படுத்திருந்த ஊடு தெரியும்" என்றாள்.

நடை பழகாத பிள்ளை, அதற்கு என்ன நினைவு இருக்கும் என்று நான் இருந்துவிட்டேன். லீவுக்கு வந்தபோதெல்லாம் வாசல் பக்கமே வராமல் அடுப்படியில் ஒண்டியிருந்தாளே, குளிருக்குத்தான் என்று இருந்துவிட்டேன்.

தலைவரம்மா முன்னால் இருந்த தாளில் எதையோ அடித்து எழுதினார். "இவ இங்கேயே இருக்கட்டும். லீவுக்கெல்லாம் அக்கா வீடு" என்றார்.

"மேடம்" என்றாள் ரேவதி மறுபடியும். அவள் குரல் உடைந்துதான் வந்தது. ஆனாலும் வந்தது. "மெர்சியோட பெட்டியும் கீழதாங்க இருக்கு. இன்னும் நாலஞ்சு பிள்ளைங்களோடதும். அவங்களையும் கூப்பிட்டுக் கேளுங்க மேடம்."

தலைவரம்மா அவள் பக்கம் திரும்பினார். "சரி. ஒவ்வொருத்தரையும் கேக்காம யாரையும் அனுப்பல. போதுமா, தலைவி?"

கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் தலைவி என்றுதான் சொன்னார்.

கேட்டிருந்தால்

வராந்தாவுக்கு வந்ததும் நான் வெடித்தேன். "கேக்காம இருந்தா இந்நேரம் புள்ள ஜீப்புல இருந்திருக்கும்!"

"ஆமா பெரியம்மா. இருந்திருப்பா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மீனாட்சி சின்னம்மாவ விட்டுட்டு ஒங்களக் கப்பல்ல ஏத்துனாங்களே. ஒங்களக் கேட்டாங்களா?"

"எங்களை யாருடி கேட்டா?"

"கேட்டிருந்தா என்னா சொல்லியிருப்பீங்க?"

அங்கேயே இருக்கிறேன் என்று சொல்லியிருப்பேனா? அப்பாவோடு போகிறேன் என்றா? அன்றைக்கு யாரும் கேட்காததால் எனக்கே இன்றுவரை தெரியாது. இத்தனை வயதாகி, அந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியாது.

ரொட்டியைக் கொண்டுபோய் இல்லத்தில் கொடுத்தோம். ஷாலினியும் மெர்சியும் பிய்த்துத் தின்றார்கள். "சம்பல் காரம்" என்று இரண்டு பேரும் ஊதிக்கொண்டார்கள். மெர்சி ஒல்லியான பிள்ளை. எங்களைப் பார்த்து ஷாலினியின் ஸ்வெட்டரைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அந்தப் பிடித்த விரலை நான் பார்த்தேன். அதற்கு மேல் எனக்கு யார் மேலும் கோபம் வரவில்லை.

தூங்கும் அறையில் ஷாலினி ஸ்டூல் மேல் ஏறினாள். "அக்கா, தூக்கிக் குடு." காலிப்பெட்டியை வாங்கித் தன் கையாலேயே பரணில் தள்ளினாள். தகரம் பலகையில் உரசிக்கொண்டு உள்ளே போனது.

ஜீப்பில் தெய்வானை, "புள்ள எங்க?" என்று கேட்டாள். ரேவதி சொன்னாள். விட்டு வைத்திருந்த இடத்தில், அந்த மடித்த ஸ்வெட்டர் பக்கம், நடுவட்டம் தாண்டும்வரை ஒருத்தியும் காலை நீட்டவில்லை.

விறகு

லீவு வந்தது. எப்போதும் நானே போய், "கெளம்பு" என்று கூட்டி வருவேன். இந்தத் தடவை போன் போட்டேன்.

"வாரியா புள்ள? இல்ல, அங்கேயே மெர்சியோட இருக்கியா? நீயே சொல்லு."

நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தேன். வாசல் வரைக்கும், அடுப்படி வரைக்கும். கேட்பது லேசு. கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கிறோமே, அதுதான் கொழுந்துக் கூடையைவிடக் கனம்.

"பெரியம்மா."

"சொல்லு சாமி."

"வர்றேன். பின்கதவு வழியாக் கூட்டிட்டுப் போறீங்களா?"

போனை வைத்தேன். ரேவதி என்ன என்று கேட்டாள். நான் பதில் சொல்லாமல் முந்தானையைச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். பின்கதவை அடைத்திருந்த விறகை ஒவ்வொரு கட்டாகத் தூக்கி முன்பக்கம் கொண்டுபோனேன். ரேவதியும் வந்து தூக்கினாள். கதவு பல வருஷம் திறக்காத கதவு. இரண்டு பேரும் தோளைக் கொடுத்துத் தள்ளினோம்.

பன்றி வந்தால் வரட்டும். நான் விரட்டிக்கொள்கிறேன்.